பதிலாக நின்ற அன்பு

வேத பாடம்

வாசிக்கவேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 44:18–34, மாற்கு 1:40–45, ரோமர் 5:6–11
மனப்பாட வசனம்: 1 யோவான் 3:16



 ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவருகிற உங்களோடு இம்முறை ஒரு வேத சத்தியத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தியாகம் என்ற சொல் நம்முடைய சபைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. மிஷனெரிகளின் தியாகம், பெற்றோரின் தியாகம், கொடுக்கிறவர்களின் தியாகம் என்று பேசுகிறோம். அது நல்ல சொல்தான். ஆனால் அதைச் சொல்லும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒரு மனிதனுடைய தியாகம் இன்னொரு மனிதனை எவ்வளவு தூரம் காப்பாற்றமுடியும்? நாம் செய்கிற தியாகம் நம்மையே இரட்சிக்குமா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் தியாகம் செய்கிறவர்கள் இரண்டில் ஒன்றில் போய் விழுவார்கள். ஒன்று, "இவ்வளவு செய்தேனே" என்ற பெருமை. மற்றொன்று, "எவ்வளவு செய்தும் போதவில்லையே" என்ற சோர்வு. வேதம் இந்த இரண்டிலிருந்தும் நம்மை விடுவிக்கிறது.

1. பிணை நின்ற யூதா

ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் தன்னையே கொடுக்க முன்வருவதை வேதத்தின் முதல் புத்தகத்திலேயே பார்க்கிறோம். எகிப்திலே பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. அவன் அடிமையாக அங்கேயே நிற்கவேண்டும் என்று அதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பொழுது யூதா கிட்டப் போய் மன்றாடினான். தகப்பனுக்கு முன்பாகத் தான் பிணைப்பட்டதைச் சொல்லி, இளையவன் வீட்டுக்குப் போகட்டும், அவனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டான் (ஆதியாகமம் 44:33).

இந்த யூதா யார்? இருபது வெள்ளிக்காசுக்கு யோசேப்பை விற்றுவிடலாம் என்று ஆலோசனை சொன்னவன் இவன்தான் (ஆதியாகமம் 37:26–28). தம்பியை விற்றவன் தம்பிக்காகத் தன்னையே கொடுக்கிறவனாக மாறியிருக்கிறான். அவன் பேச்சைக் கேட்ட யோசேப்பினால் தன்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அன்று யூதா தன்னைக் கொடுக்க முன்வந்ததினால் அவனுடைய பழைய பாவம் தீர்ந்துபோகவில்லை. யோசேப்பை விற்ற குற்றம் அவன்மேல் இருக்கத்தான் செய்தது. யோசேப்பு மன்னித்ததினாலேதான் அவன் பிழைத்தான். பிணை நின்றவனுக்கும் மன்னிப்புத் தேவையாயிருந்தது. பிற்காலத்தில் இந்த யூதாவின் கோத்திரத்திலேதான் நம்முடைய இரட்சகர் பிறந்தார்.

2. மனமிருந்தும் முடியாமற்போன அன்பு

தாவீதைப் பாருங்கள். அப்சலோம் தகப்பனுக்கு விரோதமாகப் படையெடுத்த மகன். அவன் செத்தான் என்ற செய்தி வந்தபோது தாவீது மேல்வீட்டுக்குள் ஏறிப்போய் அழுதான். மகனுக்குப் பதிலாகத் தான் செத்திருந்தால் நலமாயிருக்குமே என்று புலம்பினான் (2 சாமுவேல் 18:33). ராஜாவாயிருந்தும், சேனை இருந்தும், மனம் நிறைய அன்பு இருந்தும் அவனால் அது முடியவில்லை. சிறு பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்து, "இந்த நோவு எனக்கு வந்திருக்கக்கூடாதா" என்று அழுகிற தாய்மாரை எந்த மருத்துவமனையிலும் காணலாம். தாவீதின் கண்ணீரை அவர்கள் அறிவார்கள்.

மோசேயைப் பாருங்கள். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து பாவஞ்செய்தார்கள். மோசே மலையில் ஏறி, ஜனங்களை மன்னியும், இல்லாவிட்டால் என் பேரை உம்முடைய புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று கேட்டான். கர்த்தர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பாவஞ்செய்தவன் எவனோ அவனே கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதே அவருடைய பதிலாயிருந்தது (யாத்திராகமம் 32:32–33).

ஏன் அப்படி? சங்கீதம் 49:7–8 விளக்குகிறது. தன் சகோதரனுடைய ஆத்துமாவுக்கு மீட்கும்பொருளை எந்த மனிதனும் கொடுக்கமுடியாது. அதின் விலை அவ்வளவு பெரியது. தானே கடன்பட்டிருக்கிறவன் மற்றவனுடைய கடனுக்கு ஈடு கட்டமுடியாது அல்லவா? ஒருவனுடைய அடிமைத்தனத்தை இன்னொருவன் ஏற்கலாம். ஒருவனுடைய பாவத்தை இன்னொரு பாவி ஏற்கமுடியாது.

3. ஒரு மிஷன் மருத்துவர் காட்டிய சாட்சி

மனித அன்பு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை நம் காலத்து மருத்துவர் ஒருவருடைய வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தின் வடக்கே கூலு என்ற பட்டணம் இருக்கிறது. அதன் அருகே லாக்கோர் என்னுமிடத்தில் 1959-ல் கத்தோலிக்க மிஷனெரிகள் தூய மரியாள் மருத்துவமனையை ஆரம்பித்தார்கள். 1961-ல் இத்தாலியரான டாக்டர் பியரோ கோர்த்தியும், கனடா தேசத்து அறுவைச் சிகிச்சை மருத்துவரான லூசில் டீஸ்டேலும் அங்கே வந்தார்கள். இருவரும் திருமணம் செய்துகொண்டு, தங்கள் வாழ்நாளை அந்த மருத்துவமனைக்கே கொடுத்தார்கள். போரில் காயப்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது லூசில் அம்மையாருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது. அது 1985-ல் தெரியவந்த பின்பும் அவர் பல ஆண்டுகள் பணியைத் தொடர்ந்தார். 1996-ல் மரித்தார்.

இவர்களிடத்தில் 1983-ல் பயிற்சி மருத்துவராக வந்து சேர்ந்தவர் மாத்யூ லுக்வியா. அந்தப் பகுதியைச் சேர்ந்த அச்சோலி இனத்தவர். கத்தோலிக்க மருத்துவமனையில் பணிசெய்த புரொட்டஸ்டண்ட் விசுவாசி. இங்கிலாந்தில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மேற்படிப்பைச் சிறப்பாக முடித்தார். அங்கேயே இருந்துவிட வாய்ப்பிருந்தும் லாக்கோருக்குத் திரும்பிவந்து, பிற்பாடு அதின் தலைமை மருத்துவரானார்.

1989-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆயுதம் தாங்கிய கலகக்காரர் மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். அங்கே பணிசெய்த இத்தாலியக் கன்னியாஸ்திரீகளைக் கடத்திக்கொண்டுபோக வந்திருந்தார்கள். லுக்வியா அவர்கள் முன்னே நின்று, அந்தச் சகோதரிகளுக்குப் பதிலாகத் தன்னைக் கொண்டுபோகும்படி வற்புறுத்தினார். அவர்களும் அவரைக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் காட்டில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். கன்னியாஸ்திரீகள் தப்பினார்கள். அன்றைக்கு லுக்வியா யூதாவைப்போல் ஒருவருக்குப் பதிலாக நிற்கமுடிந்தது.

பதினோரு ஆண்டுகள் சென்றன. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் தலைநகரான கம்பாலாவில் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் புரியாத ஒரு காய்ச்சலினால் ஆட்கள் மரிக்கிறார்கள், தாதியர் பயிற்சி மாணவிகளும் மரிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. உடனே திரும்பினார். நோயாளிகளின் குறிப்புகளை உட்கார்ந்து வாசித்து, இது எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் தனி வார்டு ஒன்றை ஏற்படுத்தினார். சில நாட்களில் தென் ஆப்பிரிக்காவின் பரிசோதனைக்கூடம் அது எபோலாதான் என்று உறுதிசெய்தது.

எபோலா காற்றினால் பரவுகிற சளிக்காய்ச்சல் போன்றதல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, கழிவு ஆகியவற்றைத் தொடுகிறவர்களுக்கே அது தொற்றும். ஆகையால் அது யாரைப் பிடிக்கும்? நோயாளியைக் கழுவித் துடைக்கிற தாயை, கஞ்சி ஊட்டுகிற சகோதரியை, படுக்கையை மாற்றுகிற தாதியைப் பிடிக்கும். விலகி ஓடுகிறவர்களைவிட அருகே நிற்கிறவர்களுக்கே அதனால் ஆபத்து அதிகம்.

அங்கே தாதியர் ஒருவர் பின் ஒருவராக மரிக்கத் தொடங்கினார்கள். மிகுந்த பயம் உண்டாயிற்று. மருத்துவமனையை மூடிவிடவேண்டும் என்று பணியாளர்கள் குரல் எழுப்பினார்கள். லுக்வியா அவர்களைக் கூட்டி மணிக்கணக்காகப் பேசினார்.  போக விரும்புகிறவர்கள் போகலாம், தாம் மட்டும் நோயாளிகளை விட்டுப் போவதில்லை என்ற நிலையில் நின்றார். திரளானோர் அவரோடுகூட நின்றுவிட்டார்கள்.

நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, நோயுற்றிருந்த ஒரு தாதி இரத்தம் கக்கி, நிலை தடுமாறிப் படுக்கையைவிட்டு எழுந்துவிட்டார். லுக்வியாவை எழுப்பினார்கள். அவர் கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் அணிந்துகொண்டு விரைந்தார். கண்களை மறைக்கும் காப்புமட்டும் அன்று அவர் அணிந்திருக்கவில்லை. அந்தத் தாதிக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார். தாதி பிழைக்கவில்லை. சில நாட்களில் லுக்வியாவுக்கும் காய்ச்சல் கண்டது. 2000 டிசம்பர் 5-ஆம் தேதி அதிகாலையில் அவர் மரித்தார். மருத்துவமனை வளாகத்திலேயே, லூசில் அம்மையாரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் பண்ணினார்கள். அவரையும் சேர்த்து லாக்கோரின் பணியாளர்களில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் இந்த நோயில் உயிர்விட்டார்கள். உகாண்டாவில் அந்தக் கொள்ளைநோய் 425 பேரைப் பிடித்தது; 224 பேர் மரித்தார்கள். 2001 பிப்ரவரியில் அது ஓய்ந்தது. தொடக்கத்திலேயே அதை அடையாளம் கண்டு தடுத்திராவிட்டால் இன்னும் அநேகர் மாண்டிருப்பார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1989-ல் அவர் மற்றவர்களுக்குப் பதிலாகப் போனார், அவர்கள் தப்பினார்கள். 2000-ல் அவர் ஒரு தாதிக்காகத் தன்னைக் கொடுத்தார். நோய் இவருக்கும் வந்தது, ஆனால் அவரைவிட்டு நீங்கவில்லை. இருவரும் மரித்தார்கள். துப்பாக்கிக்கு முன்னே ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம். வியாதிக்கு முன்னே அப்படி நிற்கமுடியாது. நோயாளியின் நோயை மருத்துவர் வாங்கிக்கொண்டாலும் நோயாளியிடத்தில் அது குறைந்துபோவதில்லை. மிக உயர்ந்த மனித அன்பும் இந்த எல்லையில் வந்து நிற்கிறது.

4. சிலுவையில் மட்டுமே நடந்தது

இப்பொழுது மாற்கு முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். ஒரு குஷ்டரோகி இயேசுவிடம் வந்து முழங்கால்படியிட்டான். அவர் மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொட்டார். நியாயப்பிரமாணத்தின்படி தீட்டுள்ளவனைத் தொடுகிறவன் தீட்டுப்படுவான். இங்கேயோ தீட்டு அவரிடத்திற்கு வராமல், சுத்தம் அவனிடத்திற்குப் போயிற்று. அதோடு நின்றுவிடவில்லை. அதுவரை ஊருக்குப் புறம்பே இருந்தவன் ஊருக்குள்ளே போய்ப் பேசித் திரிகிறான். ஊருக்குள்ளே பிரசங்கித்தவரோ வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகக்கூடாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார் (1:45). இருவரும் இடம் மாறிவிட்டார்கள்!

சிலுவையிலே இந்த இடமாற்றம் முழுமையடைந்தது. கலகத்திலே கொலைசெய்த பரபாஸ் வெளியே போனான். குற்றமற்றவர் அவன் இடத்துக்குச் சென்றார். பரபாஸ் நம் ஒவ்வொருவருடைய பெயரும்கூட. பாவம் அறியாத அவர் நமக்காகப் பாவமாக்கப்பட்டார் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:21). நம்முடைய பாவங்களைத் தம்முடைய சரீரத்திலே சுமந்தார், அவருடைய தழும்புகளால் நாம் குணமானோம் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 2:24). லாக்கோரில் நடவாதது கல்வாரியில் நடந்தது. நம்முடைய நோய் அவர்மேல் வந்தது. அது நம்மைவிட்டு நீங்கிற்று.

தாம் வந்ததின் நோக்கத்தை ஆண்டவரே மாற்கு 10:45-ல் சொல்லியிருக்கிறார். அங்கே "மீட்கும்பொருள்" என்று நாம் வாசிக்கிற சொல், அடிமையையோ சிறைப்பட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கப்படும் விலையைக் குறிக்கும். அதோடு வருகிற "அன்டி" என்ற கிரேக்கச் சொல்லுக்கு "பதிலாக" என்று பொருள். மீன் கேட்கிற பிள்ளைக்கு மீனுக்குப் பதிலாகப் பாம்பைக் கொடுப்பானா என்று லூக்கா 11:11-ல் கேட்கும்போதும் இதே சொல்தான் வருகிறது. இயேசு வெறும் முன்மாதிரியாக மரிக்கவில்லை; அநேகருடைய இடத்தில் நின்று மரித்தார்.

இதைக் கேட்கும் சிலர், பிதா இரக்கமில்லாதவர், யாரோ ஒரு குற்றமற்றவரைத் தண்டித்துத் தம் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று தவறாக எண்ணுகிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினவர் தேவன்தாமே (2 கொரிந்தியர் 5:19). குமாரனும் கட்டாயத்தினால் அல்ல, தாமாகவே ஜீவனைக் கொடுத்தார் (யோவான் 10:18). மோசே கேட்டபோது மறுத்த தேவன், பிற்பாடு தாமே அந்த விலையைச் செலுத்தினார்.

இன்னும் ஒன்று. நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் சாகத் துணிவான் என்று ரோமர் 5:7 ஒத்துக்கொள்கிறது. கிறிஸ்துவோ நாம் பாவிகளாயும் சத்துருக்களாயும் இருந்தபோதே மரித்தார். அவருடைய அன்புக்கு நம்மிடத்தில் காரணம் ஒன்றும் இல்லை. ஆகையால் நம்முடைய குறையினால் அது அற்றுப்போவதும் இல்லை.

5. நாம் செய்யவேண்டியது என்ன?

அப்படியானால் நம்முடைய தியாகங்களுக்குப் பயன் என்ன? யோவான் தெளிவாகச் சொல்லுகிறார். அவர் நமக்காகத் தம்முடைய ஜீவனைக் கொடுத்தபடியினாலே நாமும் சகோதரருக்காக ஜீவனைக் கொடுக்கக் கடனாளிகளாயிருக்கிறோம் (1 யோவான் 3:16). முதலில் அவர் கொடுத்தார். அதன்பின்பே நாம் கொடுக்கிறோம். நம்முடைய தியாகம் இரட்சிப்பின் விலையல்ல. அது இரட்சிப்பின் கனி. இந்த ஒழுங்கைப் புரட்டிவிட்டால் சுவிசேஷமே புரண்டுவிடும்.

இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, தியாகம் என்பது துணிகரம் அல்ல. லுக்வியா தம் பணியாளர்கள் கையுறையும் மேலங்கியும் அணியவேண்டும் என்பதில் கண்டிப்பாயிருந்தவர். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி பிசாசு சொன்னபோது ஆண்டவர் மறுத்துவிட்டார் (மத்தேயு 4:5–7). அன்பு தேவைப்படுகிற இடத்தில் உயிரைக் கொடுக்கலாம். வீணாகப் பரீட்சை பார்க்கக்கூடாது. ஆகையால் கையுறைக்கும், கிருமிநீக்கும் மருந்துக்கும், சுத்தமான தண்ணீருக்கும் நீங்கள் அனுப்புகிற காணிக்கை சிறிய காரியம் அல்ல. நோயாளியின் அருகே நிற்கிறவர் உயிரோடு வீடு திரும்ப அது உதவுகிறது.

இரண்டாவது, தியாகத்தைப் பிறர்மேல் சுமத்தக்கூடாது. "நீ ஏன் கொடுக்கவில்லை, நீ ஏன் போகவில்லை" என்று கேட்பது சுலபம். அன்போ தன்னைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வழியைத் திறந்துவைக்கும். ஒரு தாதிக்குப் பயம் வந்தால் அவளைக் குற்றப்படுத்தாமல் அவளுக்காக ஜெபியுங்கள். கெத்செமனேயில் ஆண்டவரும் வியாகுலப்பட்டார் என்பதை மறவாதிருங்கள்.

மூன்றாவது, எங்களால் எல்லாரையும் பிழைக்கவைக்க முடியாது. மருந்து கொடுத்தும், இரத்தம் ஏற்றியும், இரவெல்லாம் கண்விழித்தும் சிலர் எங்கள் கைகளிலேயே மரிக்கிறார்கள். அப்பொழுது நாங்கள் செய்தது வீணா? உலகத்தின் இரட்சகர் நாங்கள் அல்ல. இரட்சகர் ஒருவர் உண்டு, அவர் தம் வேலையைச் செய்து முடித்துவிட்டார். இதை அறிந்திருப்பதினாலேதான் மறுநாள் காலையில் அடுத்த நோயாளியின் படுக்கைக்கு எங்களால் போகமுடிகிறது. அவர் சுமந்துதீர்த்ததை நாங்கள் மறுபடியும் சுமக்கவேண்டியதில்லை. அவருடைய அன்பை ஒரு குவளைத் தண்ணீரிலும் ஒரு கட்டுத்துணியிலும் காட்டினால் போதும்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஆண்டுக்கணக்காக ஊழியங்களைத் தாங்கிவந்தும், இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதிருக்கிறீர்களா? தேவன் உங்கள் காணிக்கையை எண்ணிப்பார்த்து உங்களை ஏற்றுக்கொள்ளுகிறவர் அல்ல. தம்முடைய குமாரனை உங்களுக்குப் பதிலாக ஒப்புக்கொடுத்துவிட்டார். வெறுங்கையோடு அவரிடத்தில் வாருங்கள். பின்பு நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் பயத்துக்குப் பதிலாக ஸ்தோத்திரம் இருக்கும்.

குடும்ப ஜெபத்திலும் சங்கக் கூட்டத்திலும் பேசிக்கொள்ள:

1. யூதாவினிடத்தில் உண்டான மாற்றத்துக்குக் காரணம் என்னவாயிருக்கும்? ஆதியாகமம் 37, 43, 44 அதிகாரங்களை வாசித்துப் பேசுங்கள்.
2. மோசேயின் வேண்டுதலைக் கர்த்தர் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? கிறிஸ்துவினிடத்தில் என்ன வேறுபாடு?
3. உங்களுக்காக ஒருவர் கஷ்டத்தை ஏற்றுக்கொண்டதுண்டா? அது கிறிஸ்துவின் அன்பை எவ்விதத்தில் நினைப்பூட்டியது?
4. நாம் கொடுப்பது கடமையினாலா, பயத்தினாலா, நன்றியினாலா? நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம்.

ஜெபம்

அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்களுக்குப் பதிலாக உம்முடைய குமாரனைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் தியாகங்களில் பெருமை கொள்ளாதபடியும், எங்கள் இயலாமையில் சோர்ந்துபோகாதபடியும் எங்களைக் காத்தருளும். தொற்றுநோய்களின் நடுவிலே பணிசெய்கிற மருத்துவர்களையும் தாதியரையும், வார்டுகளைக் கழுவுகிற பணியாளர்களையும், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கிற குடும்பத்தாரையும் உமது செட்டைகளின் கீழே மறைத்துக்கொள்ளும். வியாதிப்பட்டவர்கள் எங்கள் கைகளில் உம்முடைய அன்பைக் காணட்டும். எங்கள் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.